சரக்குக்கு முன்னே செல்லும் சான்றிதழ்

தாவர நலச் சான்றிதழ் மின்மயமாவதால் வேளாண் ஏற்றுமதியாளருக்கு விளையும் நன்மைகளும், அவர் கவனிக்க வேண்டியவையும்

மகாராஷ்டிரத்தின் நாசிக் மாவட்டத்தில் ஜனவரி முதல் ஏப்ரல் வரை திராட்சை அறுவடைக் காலம். பறித்த பழம் குளிரூட்டப்பட்டு, அட்டைப் பெட்டிகளில் அடுக்கப்பட்டு, நவாசேவா துறைமுகத்திலிருந்து நெதர்லாந்தின் ராட்டர்டாம் துறைமுகத்தை நோக்கிப் புறப்படுகிறது. அந்தக் கண்டெய்னரைத் தொடர்ந்து விலைப்பட்டியல், சிப்பப் பட்டியல், கப்பல் சரக்குச் சீட்டு, பிறப்பிடச் சான்றிதழ் எனப் பல ஆவணங்களும் பயணம் செய்கின்றன. அவற்றுள் ஒன்றில் மட்டும் பழத்தின் விலையும் இராது. பழம் யாருக்கு உரிமை என்ற விவரமும் இராது. ஆயினும் அந்த ஓர் ஆவணம் இல்லையெனில் மற்ற ஆவணங்கள் அனைத்தும் இருந்தும் பயனில்லை. அதுவே தாவர நலச் சான்றிதழ். ஏற்றுமதித் துறையினர் அதனைச் சுருக்கமாக 'ஃபைட்டோ' என்பர்.

பல்லாண்டுகளாகத் தாளில் அச்சிடப்பட்டு, முத்திரையும் கையொப்பமும் இடப்பட்டு, கூரியர் உறையில் பயணித்து வந்த இந்தச் சான்றிதழ் இப்போது மின்செய்தியாக மாறிக்கொண்டிருக்கிறது. வேளாண் பொருள்களை ஏற்றுமதி செய்யும் நம் வாடிக்கையாளர்கள், உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள், அரிசி ஆலை உரிமையாளர்கள், நறுமணப் பொருள் வணிகர்கள் ஆகிய அனைவரையும் தொடும் மாற்றம் இது. பயன்கள் தெளிவானவை. ஆனால், வங்கி மேசையிலிருந்து நோக்கும்போது, எளிதில் கண்ணில் படாத சில கண்ணிகளும் அதில் உள்ளன. இரண்டையும் இக்கட்டுரையில் காண்போம்.

ஓர் அரசு மற்றோர் அரசுக்குத் தரும் வாக்கு

திராட்சையிலிருந்து தொடங்குவதில் ஒரு பொருத்தம் உண்டு. தாவர நலம் குறித்த பன்னாட்டு உடன்பாட்டின் வரலாறே திராட்சைக் கொடியில்தான் தொடங்குகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வட அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட ஃபிலோக்ஸெரா என்னும் நுண்பூச்சி, இறக்குமதியான கொடிகளுடன் ஐரோப்பாவை அடைந்து பிரான்சின் திராட்சைத் தோட்டங்களைப் பேரழிவுக்கு உள்ளாக்கியது. அதன் விளைவாக 1881-இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் நாடுகள் கூடி, அப்பூச்சியின் பரவலைத் தடுக்க ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. ஒரு பூச்சியை எதிர்த்துத் தொடங்கிய அம்முயற்சி, 1951-இல் ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண் அமைப்பின் கீழ்ப் பன்னாட்டுத் தாவரப் பாதுகாப்பு உடன்படிக்கையாக விரிவு பெற்றது. 1997-இல் திருத்தியமைக்கப்பட்ட அவ்வுடன்படிக்கையில் இன்று 180-க்கும் மேற்பட்ட நாடுகள் உறுப்பினர்களாக உள்ளன. இந்தியாவும் அவற்றுள் ஒன்று.

நம் நாட்டில் அழிவு விளைவிக்கும் பூச்சிகள், நோய்கள் குறித்த சட்டம் 1914-ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. இறக்குமதியை நெறிப்படுத்தும் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணை 2003-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. ஃபரீதாபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தாவரப் பாதுகாப்பு, தொற்றுத்தடுப்பு, சேமிப்பு இயக்ககம் இத்துறையின் தலைமை அமைப்பு. துறைமுகங்களிலும் விமான நிலையங்களிலும் நில எல்லைகளிலும் அதன் நிலையங்கள் இயங்குகின்றன. மத்திய அரசு அறிவிக்கை செய்துள்ள அலுவலர்கள் மட்டுமே ஏற்றுமதிக்கான தாவர நலச் சான்றிதழை வழங்க இயலும்.

இந்தக் கட்டுப்பாடுகள் எதற்காக என்று ஐயுறுவோர் அண்மைக்கால நிகழ்வுகளை நினைவுகூரலாம். மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட பப்பாளி மாவுப்பூச்சி 2008-இல் கோயம்புத்தூர்ப் பகுதியில் கண்டறியப்பட்டது. அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்த படைப்புழு 2018-இல் கர்நாடகத்தின் மக்காச்சோள வயல்களில் தென்பட்டு, குறுகிய காலத்தில் பல மாநிலங்களுக்குப் பரவியது. உலகின் பயிர் விளைச்சலில் 40 சதவீதம் வரை பூச்சிகளாலும் நோய்களாலும் ஆண்டுதோறும் இழக்கப்படுவதாக உணவு, வேளாண் அமைப்பு மதிப்பிடுகிறது. நாம் பிற நாட்டின் பூச்சிக்கு அஞ்சுவதுபோல், பிற நாடுகளும் நம் பூச்சிக்கு அஞ்சுகின்றன. இந்தியத் துணைக்கண்டத்தைத் தாயகமாகக் கொண்ட காப்ரா வண்டு நம் அரிசி மூட்டையில் ஒளிந்து வந்துவிடுமோ என்று அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் கடுமையான சோதனை நடத்துகின்றன.

ஆகவே, தாவர நலச் சான்றிதழ் என்பது விற்பவர் வாங்குபவருக்குத் தரும் உறுதிமொழி அன்று. ஏற்றுமதி செய்யும் நாட்டின் அரசு, இறக்குமதி செய்யும் நாட்டின் அரசுக்குத் தரும் வாக்கு அது. 'இந்தச் சரக்கு உரிய முறைப்படி ஆய்வு செய்யப்பட்டது. நீங்கள் குறிப்பிட்ட பூச்சிகளோ நோய்களோ இதில் இல்லை என்று கருதப்படுகிறது. உங்கள் நாட்டு விதிகளுக்கு இது இணங்குகிறது' என்பதே அதன் சாரம். இவ்வாறு அரசுக்கும் அரசுக்கும் இடையிலான வாக்கை, இடையில் உள்ள வணிகர் கையில் கொடுத்து அனுப்புவதுதான் இதுவரை இருந்த ஏற்பாடு. அந்த ஏற்பாட்டின் குறைகளே மின்மயத்துக்கு வழி வகுத்தன.

தாளின் குறைகள்

முதல் குறை காலம். கடல்வழியே மூன்று, நான்கு வாரங்கள் செல்லும் சரக்கைக் கூரியர் உறை எளிதில் முந்திவிடும். ஆனால் மும்பையிலிருந்து விமானத்தில் புறப்படும் மாம்பழம் மறுநாளே லண்டனில் இறங்கிவிடுகிறது. துபாய்க்குச் செல்லும் காய்கறிக் கப்பல் சில நாள்களில் கரை சேர்ந்துவிடுகிறது. இத்தகைய வணிகத்தில் சரக்கு வந்து காத்திருக்க, சான்றிதழ் பின்னால் வரும் நிலை புதிதன்று. அழுகும் பொருளுக்கு ஒவ்வொரு நாளும் விலைக்குறைப்பு.

இரண்டாவது குறை நம்பகத்தன்மை. தாளை அழிக்கலாம், திருத்தலாம், போலியாக அச்சிடலாம். சான்றிதழ் குறித்த பன்னாட்டு நெறி, அதாவது தாவர நலத் தர நெறிகளில் 12-ஆவது, எவ்வகைச் சான்றிதழ் செல்லாதது என்பதைத் தெளிவாகப் பட்டியலிடுகிறது. தெளிவாகப் படிக்க இயலாதது, நிறைவு செய்யப்படாதது, செல்லுபடிக் காலம் கடந்தது, அனுமதியற்ற திருத்தமோ அழிப்போ உள்ளது, ஒன்றுக்கொன்று முரண்பட்ட விவரங்கள் கொண்டது, சான்றளிக்கப்படாத நகல் ஆகியவை அப்பட்டியலில் அடங்கும். நேர்மையான ஏற்றுமதியாளரின் சான்றிதழில் தட்டச்சுப் பிழை ஒன்று பேனாவால் திருத்தப்பட்டிருந்தால், அதுவும் ஐயத்துக்குரியதாகிவிடுகிறது.

மூன்றாவது குறையை 2020-ஆம் ஆண்டு உலகுக்கு உணர்த்தியது. பெருந்தொற்றுக் காலத்தில் பயணிகள் விமானங்கள் நின்றன; கூரியர்கள் தடைப்பட்டன; அலுவலகங்கள் மூடப்பட்டன. உணவுப் பொருள்களோ நகர்ந்துகொண்டே இருந்தாக வேண்டும். பல நாடுகள் தற்காலிகமாகச் சான்றிதழின் ஒளிநகலை மின்னஞ்சலில் ஏற்றுக்கொண்டன. அதே காலத்தில் மின்சான்றிதழுக்கு ஏற்கெனவே மாறியிருந்த நாடுகளின் வணிகம் தாள் இல்லாத காரணத்தால் தடைப்படவில்லை. அதுவரை தயங்கிய நாடுகள் பலவற்றை அந்த அனுபவம் மின்வழிக்கு நகர்த்தியது.

மின்சான்றிதழ் பயணிக்கும் முறை

இங்கு ஒரு தெளிவு இன்றியமையாதது. தாள் சான்றிதழை ஸ்கேன் செய்து பி.டி.எஃப். கோப்பாக அனுப்புவது மின்சான்றிதழ் ஆகாது. அது தாளின் படம் மட்டுமே. 'ஈ-ஃபைட்டோ' எனப்படும் மின்சான்றிதழ், கணினி ஒன்று நேரடியாகப் படித்து, சரிபார்த்துச் சேமிக்கத்தக்க கட்டமைக்கப்பட்ட தரவாகும். அது எக்ஸ்.எம்.எல். வடிவில் அமைகிறது. தாவரத்தின் அறிவியற்பெயர், அளவு, பிறப்பிடம், அளிக்கப்பட்ட சிகிச்சை, கூடுதல் உறுதிமொழி ஆகிய ஒவ்வொன்றுக்கும் அதில் தனித்தனி இடம் உண்டு. இதற்கான விதிமுறைகள் 12-ஆம் தர நெறியின் பின்னிணைப்பாக 2014-இல் ஏற்கப்பட்டன.

ஆனால் விதிமுறை வகுத்த உடனே நாடுகளால் பரிமாற்றத்தைத் தொடங்க முடியவில்லை. ஒவ்வொரு நாடும் மற்ற ஒவ்வொரு நாட்டுடனும் தனித்தனியே கணினி இணைப்பு ஏற்படுத்த வேண்டுமெனில் என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள். 180 நாடுகளுக்கு இடையே 16,110 இணைப்புகள் வேண்டும். வளர்ந்த நாடுகளுக்கே அது பெருஞ்சுமை.

இதற்குத் தீர்வாகப் பன்னாட்டுத் தாவரப் பாதுகாப்பு உடன்படிக்கையின் செயலகம் 'ஹப்' எனப்படும் மையம் ஒன்றை உருவாக்கியது. ஐக்கிய நாடுகளின் பன்னாட்டுக் கணினி மையம் அதனை இயக்குகிறது. ஒவ்வொரு நாடும் அந்த ஒரே மையத்துடன் இணைந்தால் போதும். மையத்தின் பணி அஞ்சலகத்தின் பணியை ஒத்தது. அது உறையின் மேலுள்ள முகவரியைப் படித்து உரிய நாட்டுக்குச் சேர்க்கும். உறையைப் பிரித்து உள்ளே இருப்பதைப் படிக்காது. வணிக இரகசியம் குறித்துக் கவலைப்படுவோர்க்கு இது ஆறுதலான செய்தி.

சொந்தமாக மென்பொருள் அமைக்க வசதியற்ற நாடுகளுக்கென, இணையம் இருந்தாலே பயன்படுத்தத்தக்க பொதுவான மென்பொருள் ஒன்றும் உருவாக்கப்பட்டது. கானா, சமோவா, இலங்கை ஆகிய நாடுகள் அதன் முன்னோடிச் சோதனையில் பங்கேற்றன. இன்று 100-க்கும் மேற்பட்ட நாடுகள் இந்த ஏற்பாட்டில் இணைந்துள்ளன. ஐரோப்பிய ஒன்றியம் தன் 'டிரேசஸ்' என்னும் கணினி அமைப்பின் வழியாக இதில் இணைந்துள்ளது. அங்கே 2019 டிசம்பர் 14 முதல் நடைமுறைக்கு வந்த புதிய விதிப்படி, அன்னாசி, வாழை, தேங்காய், டுரியன், பேரீச்சை ஆகிய ஐந்து பழங்கள் நீங்கலாக, ஏறத்தாழ எல்லாப் புதிய பழங்களுக்கும் காய்கறிகளுக்கும் தாவர நலச் சான்றிதழ் கட்டாயம். சான்றிதழ்களின் எண்ணிக்கை பெருகும்போது தாளின் சுமையும் பெருகுகிறது. மின்வழியின் தேவையும் கூடுகிறது.

மின்சான்றிதழின் தலையாய பயன் இதுதான்: அரசு தரும் வாக்கு அரசுக்கே நேரடியாகச் செல்கிறது. இடையில் யாரும் திருத்த இயலாது. சரக்கு கரை சேரும் முன்பே எதிர்நாட்டு அலுவலர் அதனைப் படித்து, ஐயம் இருப்பின் முன்கூட்டியே வினவலாம். சான்றிதழ் திரும்பப் பெறப்பட்டாலோ, அதற்கு மாற்றாகப் புதியது வழங்கப்பட்டாலோ, அந்தச் செய்தியும் அதே வழியில் சென்றடையும்.

நம் நாட்டில் நடந்தவை

இந்தியாவில் இம்மாற்றம் திடீரென நிகழ்ந்ததன்று. ஏற்றுமதிச் சான்றிதழுக்கான விண்ணப்பத்தை இணையம் வழியாகச் சமர்ப்பிக்கும் முறையைத் தாவரத் தொற்றுத்தடுப்புத் துறை ஏற்கெனவே நடைமுறைப்படுத்தியுள்ளது. இறக்குமதியைப் பொறுத்தவரை, 2016 ஏப்ரலில் சுங்கத் துறை தொடங்கிய ஒற்றைச் சாளர முறையில் தாவரத் தொற்றுத்தடுப்புத் துறையும் ஓர் உறுப்பு. இறக்குமதியாளர் ஒரே இடத்தில் அளிக்கும் விவரம் உரிய துறைகளுக்குத் தானே சென்றடைகிறது.

இவற்றினும் முக்கியமானது, சான்றிதழுக்குப் பின்னணியில் உள்ள தரவு. வேளாண், பதப்படுத்தப்பட்ட உணவுப் பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையமான அபீடா, 2006-இல் 'கிரேப்நெட்' என்னும் கணினி அமைப்பைத் தொடங்கியது. ஐரோப்பாவுக்குத் திராட்சை அனுப்ப விரும்பும் உழவர் தம் தோட்டத்தை மாநிலத் தோட்டக்கலைத் துறையிடம் பதிவு செய்கிறார். அத்தோட்டத்தின் ஆய்வு, பழத்தின் ஆய்வகச் சோதனை, சிப்பமிடும் கூடம், தரச் சான்று, இறுதியாகத் தாவர நலச் சான்றிதழ் என ஒவ்வொரு படியும் ஒரே சங்கிலியில் கோக்கப்படுகிறது. ஐரோப்பியக் கிடங்கில் உள்ள ஒரு பெட்டியில் குறை கண்டால், அது எந்தத் தோட்டத்தின் பழம் என்பதைப் பின்னோக்கித் தேடிக் கண்டறியலாம். பின்னர் மாம்பழம், மாதுளை, காய்கறிகள் முதலியவற்றுக்கும் இதே முறை விரிவுபடுத்தப்பட்டது. மின்சான்றிதழ் என்பது இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி. முந்தைய கண்ணிகள் உறுதியாக இருந்தால்தான் கடைசிக் கண்ணிக்கு மதிப்பு.

மின்வழி திருத்த இயலாதவை

இதனை இரண்டு நிகழ்வுகள் தெளிவாக்கும். 2014 மே 1 முதல், இந்தியாவின் அல்போன்சா உள்ளிட்ட மாம்பழங்களுக்கும் கத்தரி, பாகல், புடலை, சேம்பு ஆகிய நான்குக்கும் ஐரோப்பிய ஒன்றியம் தற்காலிகத் தடை விதித்தது. 2013-இல் இந்தியாவிலிருந்து சென்ற பழம், காய்கறிச் சரக்குகளில் 207-இல் பழ ஈ உள்ளிட்ட பூச்சிகள் கண்டறியப்பட்டதே காரணம். அந்தச் சரக்குகள் தாளில் சான்றிதழ் பெற்றிருந்தாலும் மின்வழியில் பெற்றிருந்தாலும் முடிவு ஒன்றே. தடை நீங்க வழி செய்தவை பதிவு பெற்ற சிப்பமிடும் கூடங்களும், அங்கேயே நடைபெறும் ஆய்வும், பழ ஈயின் முட்டையையும் புழுவையும் அழிக்கும் வெந்நீர்ச் சிகிச்சை போன்ற முறைகளும் ஆகும். 2015-இன் தொடக்கத்தில் மாம்பழத்தின் மீதான தடை விலகியது.

இரண்டாவது நிகழ்வு 2025 மே மாதத்தில் நடந்தது. அமெரிக்காவுக்கு அனுப்பப்படும் இந்திய மாம்பழம் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றிருக்க வேண்டும் என்பது 2007 முதல் உள்ள நிபந்தனை. அம்மாதம் குறைந்தது 15 மாம்பழச் சரக்குகள், சிகிச்சை தொடர்பான படிவத்தில் குறை இருப்பதாகக் கூறி அமெரிக்க விமான நிலையங்களில் நிறுத்தப்பட்டன என்று செய்தித்தாள்கள் தெரிவித்தன. திருப்பி அனுப்பும் செலவு பழத்தின் விலையை விஞ்சும் என்பதால், ஏற்றுமதியாளர்கள் அங்கேயே அழிக்க இசைந்தனர்.

முதல் நிகழ்வில் குறை பழத்தில் இருந்தது. இரண்டாவதில் ஆவணத்தில் இருந்ததாகக் கூறப்பட்டது. மின்வழி தாளின் தாமதத்தையும் போலியையும் நீக்கும். ஆனால் தவறான தரவை அது திருத்தாது. தவறான தரவை மேலும் விரைவாகக் கொண்டு சேர்க்கும். கணினியில் தவறாகப் பதிந்த ஓர் அறிவியற்பெயரும், மாறிப்போன ஒரு கண்டெய்னர் எண்ணும் நொடிப்பொழுதில் எதிர்நாட்டு அலுவலரின் திரையில் தோன்றிவிடும். மறுப்பும் அதே விரைவில் வரும்.

வங்கி மேசையில் எழும் வினாக்கள்

இனி நாங்கள் அன்றாடம் காணும் பகுதிக்கு வருவோம். எல்.சி. எனப்படும் கடனுறுதிக் கடிதத்தின் அடிப்படையில் ஏற்றுமதி செய்யும்போது, வங்கிகள் ஆவணங்களை மட்டுமே கையாள்கின்றன, சரக்கைக் கையாள்வதில்லை. உலகெங்கும் வங்கிகள் பின்பற்றும் யு.சி.பி. 600 என்னும் விதித்தொகுப்பின் 5-ஆம் பிரிவு இதனை வெளிப்படையாகக் கூறுகிறது. ஆவணங்களை ஆராய ஒவ்வொரு வங்கிக்கும் அதிகபட்சமாக ஐந்து வங்கி வேலை நாள்கள் உண்டு. ஓர் ஆவணத்தின் விவரம் மற்றோர் ஆவணத்தின் விவரத்துடன் முரண்பட்டால், பணம் வழங்க மறுக்க அதுவே போதுமான காரணம்.

முதல் வினா 'மூலப்படி' பற்றியது. பல எல்.சி.க்கள் 'தாவர நலச் சான்றிதழ், மூலப்படி ஒன்றும் நகல் ஒன்றும்' என்று கேட்கின்றன. சான்றிதழ் அரசிலிருந்து அரசுக்கு மின்செய்தியாகச் சென்றுவிட்டால், ஏற்றுமதியாளர் கையில் மூலப்படி என்று எதைத் தருவது? எதிர்நாட்டுச் சுங்கத்தில் சரக்கு விடுவிக்கப்பட்டிருக்கும். ஆனால் வங்கியில் மூலப்படி இல்லாமையால் பணம் நிலுவையில் நிற்கும். தீர்வு எளிது. எல்.சி. திறக்கப்படும் முன்பே, 'மின்சான்றிதழின் அச்சுப்படி ஏற்கத்தக்கது' என்னும் வாசகத்தைச் சேர்க்குமாறு வாங்குபவரைக் கேட்க வேண்டும். மின்னாவணங்களையே வங்கியில் சமர்ப்பிக்க விரும்புவோர்க்கென 'ஈ-யு.சி.பி.' என்னும் துணை விதிகள் உள்ளன, எல்.சி.யில் அவை பொருந்தும் என்று வெளிப்படையாகக் கூறப்பட்டிருந்தால் மட்டுமே அவை செல்லும்.

இரண்டாவது வினா எல்.சி. எண் பற்றியது. 'எல்லா ஆவணங்களிலும் எல்.சி. எண் குறிக்கப்பட வேண்டும்' என்னும் நிபந்தனையை நாங்கள் அடிக்கடி காண்கிறோம். ஆனால் 12-ஆம் தர நெறியோ, தாவர நலச் சான்றிதழில் தாவர நலம் சார்ந்த விவரங்கள் மட்டுமே இடம்பெற வேண்டும் என்கிறது. கடனுறுதிக் கடிதம் போன்ற வணிக விவரங்கள், தரம், பூச்சிக்கொல்லி எச்சம் ஆகியவை அதில் கூடா. ஆகவே அலுவலர் எல்.சி. எண்ணைச் சான்றிதழில் குறிக்க மறுத்தால் அது பிடிவாதம் அன்று, நெறி. தாள் காலத்தில் ஓரத்தில் தட்டச்சு செய்து சமாளிக்க முயன்றவர்கள் உண்டு. கட்டமைக்கப்பட்ட மின்தரவில் ஓரம் என்று ஓர் இடமே இல்லை. எனவே, 'தாவர நலச் சான்றிதழ் நீங்கலாக' என்னும் சொற்களை எல்.சி. நிபந்தனையில் சேர்க்கச் செய்வதே நேரிய வழி.

மூன்றாவது, சான்றிதழ் மாற்றப்படும் நிலை. பிழை காரணமாகப் பழைய சான்றிதழ் நீக்கப்பட்டுப் புதியது வழங்கப்பட்டால், எண்ணும் நாளும் மாறும். விலைப்பட்டியலிலோ சிப்பப் பட்டியலிலோ பழைய எண் குறிக்கப்பட்டிருந்தால் முரண்பாடு தோன்றும். ஆகவே எல்.சி. கேட்டாலன்றிப் பிற ஆவணங்களில் சான்றிதழ் எண்ணைக் குறிக்காமலிருப்பது நன்று.

தாமதத்தின் விலையையும் கணக்கிட்டுப் பார்ப்போம். ஏற்றுமதியாளர் ஒருவர் பேக்கிங் கிரெடிட் எனப்படும் கப்பலேற்றத்துக்கு முந்தைய கடனாக ரூ.40 லட்சம் பெற்றுள்ளார் எனவும், வட்டி ஆண்டுக்கு 9 சதவீதம் எனவும் கொள்வோம். ஆவணக் குறையால் பணம் 12 நாள் தாமதமானால், வட்டி மட்டும் ஏறத்தாழ ரூ.11,800 கூடுகிறது. இது தாங்கத்தக்க தொகைதான். ஆனால் சரக்கே மறுக்கப்பட்டால், அந்த ரூ.40 லட்சமும் கேள்விக்குறியாகிறது. அவ்வேளையில் இ.சி.ஜி.சி. காப்பீடு இருக்கிறதே என்று கருதுவோர் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். ஒப்பந்த நிபந்தனையை ஏற்றுமதியாளரே நிறைவேற்றத் தவறியதால் ஏற்படும் இழப்பு அக்காப்பீட்டில் பொதுவாக அடங்காது. தாவர நலச் சான்றிதழின் மாதிரி வடிவிலும், சான்றளிக்கும் அலுவலருக்கோ துறைக்கோ எவ்வகை நிதிப் பொறுப்பும் இல்லை என்னும் வாசகத்துக்கு இடம் உண்டு. ஆக, பிழையின் சுமை பெரும்பாலும் ஏற்றுமதியாளரின் தோளிலேயே விழுகிறது.

ஏற்றுமதியாளர் கடைப்பிடிக்க வேண்டியவை

முதலாவது, ஒப்பந்தத்துக்கு முன்பே வாங்கும் நாட்டின் நிபந்தனைகளை அறிதல். எந்தப் பூச்சி இல்லை என்று உறுதி வேண்டும், எந்தச் சிகிச்சை வேண்டும், கூடுதல் உறுதிமொழியின் சொற்கள் யாவை, மின்சான்றிதழ் மட்டும் போதுமா அல்லது தாளும் வேண்டுமா என்பவற்றை வாங்குபவரிடமும், அருகிலுள்ள தாவரத் தொற்றுத்தடுப்பு நிலையத்திடமும் எழுத்து வடிவில் கேட்டறிய வேண்டும்.

இரண்டாவது, பெயர்களில் ஒருமை. விண்ணப்பத்தில் உள்ள அனுப்புநர், பெறுநர் பெயர்களும் முகவரிகளும், பொருளின் அளவும், கண்டெய்னர் எண்ணும் விலைப்பட்டியலுடனும் கப்பல் சரக்குச் சீட்டுடனும் பொருந்த வேண்டும். விண்ணப்பத்தைச் சுங்க முகவர் நிரப்பினாலும், சமர்ப்பிக்கும் முன் ஏற்றுமதியாளர் ஒருமுறை தாமே படித்துப் பார்ப்பது நன்று.

மூன்றாவது, மரச்சட்டங்களை மறவாமை. சரக்கு சுத்தமாக இருந்தும், அதனைத் தாங்கும் மரப்பலகைத் தட்டு 15-ஆம் தர நெறிப்படி வெப்பமூட்டல் போன்ற சிகிச்சை பெற்று முத்திரை இடப்படாமல் இருந்தால், எதிர்நாட்டில் தடை நேரலாம். மசாலா, இயந்திரம், கல் என எப்பொருளை அனுப்புவோருக்கும் இது பொருந்தும்.

நான்காவது, காலத் திட்டம். ஆய்வு கப்பலேற்றத்துக்கு முன்பே முடிய வேண்டும். கப்பலேற்றிய நாளிலிருந்து 21 நாள்களுக்குள் ஆவணங்களை வங்கியில் சமர்ப்பிக்க வேண்டும் என்பது யு.சி.பி. 600 வகுத்த பொதுவான எல்லை, எல்.சி.யில் அதனினும் குறைந்த கால அளவு குறிக்கப்பட்டிருக்கலாம். அதன் காலாவதி நாளும் கடந்துவிடக் கூடாது.

ஐந்தாவது, கணினிக் கணக்கின் பாதுகாப்பு. விண்ணப்பத் தளத்தின் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் முகவர்கள் பலரிடம் பகிர்ந்து வைத்திருப்பது, கையொப்பமிட்ட வெற்றுக் காசோலையைப் பகிர்ந்து வைத்திருப்பதற்கு ஒப்பானது. முகவரை மாற்றும்போது கடவுச்சொல்லையும் மாற்றுங்கள்.

சிறு உழவருக்கு இதில் என்ன பயன்?

பெரிய ஏற்றுமதி நிறுவனங்களுக்கு ஆவணப் பிரிவு தனியே உண்டு. கூரியர் தாமதமானால் விமானத்தில் ஆள் அனுப்பவும் வசதி உண்டு. நூறு, இருநூறு உழவர்கள் இணைந்து நடத்தும் உற்பத்தியாளர் நிறுவனத்துக்கு அந்த வசதி இல்லை. அவர்களுக்கு ஒரு கண்டெய்னர் மறுக்கப்பட்டால் அந்த ஆண்டின் வருவாயே போய்விடும். சான்றிதழ் மின்வழியில் சரக்குக்கு முன்னே சென்று சேர்வதால், அத்தகையோரே அதிகம் பயன்பெறுவர். தோட்டப் பதிவு, தெளிப்பு மருந்துக் குறிப்பேடு, சிப்பமிடும் கூடத்தின் ஆய்வறிக்கை ஆகியவற்றைப் பருவத்தின் தொடக்கத்திலிருந்தே முறையாகப் பேணும் குழுவுக்கு, சான்றிதழ் பெறுவது கடைசி நேர ஓட்டமாக இராது. ஏற்றுமதிக் கடன் விண்ணப்பத்தை ஆராயும்போதும் இத்தகைய பதிவுகள் எங்களுக்குப் பெரிதும் உதவுகின்றன. பொருள் மறுக்கப்படும் வாய்ப்பு எவ்வளவு என்பதை அவையே உணர்த்துகின்றன.

அடுத்த பருவத்துக்கான ஒப்பந்தங்கள் பேசப்படும் காலத்திலேயே, வாங்குபவர் அனுப்பும் எல்.சி. வரைவை அந்நியச் செலாவணிக் கிளையில் காட்டுங்கள். தாவர நலச் சான்றிதழ் பற்றிய வரியை எங்கள் அலுவலர்களுடன் சேர்ந்து படியுங்கள். மூலப்படி கேட்கப்படுகிறதா, எல்.சி. எண் கேட்கப்படுகிறதா, எந்த நாளுக்குள் கேட்கப்படுகிறது என்னும் மூன்றையும் பாருங்கள். வரைவு நிலையில் ஒரு வரியைத் திருத்த ஒரு மின்னஞ்சல் போதும். சரக்கு கப்பலேறிய பின் அதே வரியைத் திருத்த, வாங்குபவரின் இசைவும், அவருடைய வங்கியின் இசைவும், திருத்தக் கட்டணமும் வேண்டும். அதற்குள் பழம் காத்திராது.